பிள்ளை வீட்டு மரத் திண்ணை!

அமெரிக்காவில் பிள்ளையோ பெண்ணோ வீடு வாங்கிவிட்டால், வாட்ஸப்பில் வரிசையாகப் போட்டோக்கள் வந்து விழும். முதல் போட்டோ, வாசல். இரண்டாவது, சமையலறை. மூன்றாவது நிச்சயம் வீட்டின் பின்பக்கம்! தரையிலிருந்து நாலைந்து அடி உயரத்தில் பலகை பலகையாக அடித்து, சுற்றிலும் மரக் கைப்பிடி போட்டு, நாலு நாற்காலியும் ஒரு பெரிய குடையும் வைத்த மேடை.

“இதுதாம்மா டெக்!”

“என்னடா இது, கப்பல் மேல்தளம் மாதிரி இருக்கு?”

“பேரே அதுலேர்ந்து வந்ததுதாம்மா!”

சுருக்கமாகச் சொன்னால், நம்ம ஊர் திண்ணையை வாசலிலிருந்து கொல்லைப்புறத்துக்குக் கடத்தி, சிமெண்ட்டுக்குப் பதில் மரத்தில் செய்தால் அதுதான் டெக். சாயங்காலம் காபி, சனிக்கிழமை விருந்து, குழந்தைகளின் பிறந்த நாள் எல்லாம் அங்கேதான்.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா? வீடு வாங்கின வருஷம் தேன் கலரில் மின்னிய அந்த டெக், மூன்றாவது வருஷம் எப்படி இருக்கும் என்று யாரும் போட்டோ அனுப்புவதில்லை!

அனுப்ப மாட்டார்கள். ஏனென்றால் அது அப்போது யானைத் தோல் நிறத்துக்கு வந்திருக்கும். நிழல் விழும் மூலையில் பச்சைப் பாசி. வெறுங்காலோடு நடந்தால் சிராய் ஏறும். கைப்பிடியை ஆட்டினால் அது பதிலுக்கு ஆடும்.

“பிள்ளை வீட்டு டெக் எப்படிப் போனால் நமக்கென்ன சார்?” என்கிறீர்களா? காரணம் இருக்கிறது. ஆறு மாச விசாவில் போகிற அப்பாக்களில் பலருக்கு அங்கே கிடைக்கும் முதல் உத்தியோகமே டெக்கைக் கழுவுவதுதான்! தவிர, வெயிலிலும் மழையிலும் நிற்கிற மரம் எங்கே இருந்தாலும் சட்டம் ஒன்றுதான். உங்கள் வீட்டு வாசற்கதவுக்கும், மாடித் தோட்டத்து ஊஞ்சலுக்கும், ஊட்டி, கொடைக்கானல் பங்களாக்களின் மர வராந்தாவுக்கும் இதே கதைதான். எல்லாவற்றுக்கும் மேலாக, இது வெறும் அழகு சமாசாரம் இல்லை. உயிர் சமாசாரம். அதையும் பிற்பாடு சொல்கிறேன்.

மரத்துக்கு யார் எதிரி?

முதல் எதிரி சூரியன். மரம் என்பது கோடிக்கணக்கான நார்களின் கட்டு. அந்த நார்களை ஒட்டிப் பிடித்து வைத்திருக்கும் பசைக்கு ‘லிக்னின்’ என்று பெயர். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்கள் இந்தப் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போகும். மிச்சம் நிற்பது வெளுத்த நார் மட்டும். மரத்துக்கு நரை விழுவது இப்படித்தான்!

இரண்டாவது எதிரி தண்ணீர். மரம் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அகலத்தில்தான் இந்த ஆட்டமெல்லாம். நீளத்தில் மாற்றம் ரொம்பக் குறைவு. நாள் தவறாமல் உப்பி உப்பிச் சுருங்கினால் என்ன ஆகும்? மேலே மெல்லிய வெடிப்பு விடும். வெடிப்புக்குள் தண்ணீர் தேங்கும். பனிக்காலத்தில் அந்தத் தண்ணீர் உறைந்து பருத்து, வெடிப்பை இன்னும் அகலமாக்கும்.

மூன்றாவது எதிரிதான் ஆளையே காலி பண்ணுவது: மரத்தை இற்றுப் போகச் செய்யும் பூஞ்சைக் காளான். இதற்கு நாலு விஷயம் வேண்டும். சாப்பாடு, மிதமான சூடு, காற்று, ஈரம். சாப்பாடு என்பது மரமேதான். அதை எடுக்க முடியாது. காற்றையும் சூட்டையும் நாம் தடுக்க முடியாது. நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். மரத்தின் எடையில் ஈரம் 20 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் இந்தக் காளானால் வாலாட்ட முடியாது. இந்த நோய்க்கு இங்கிலீஷில் ‘ட்ரை ராட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ‘காய்ந்த அழுகல்’ என்று அர்த்தம். சுத்தப் பொய்! ஈரமில்லாமல் அழுகலே கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், முழுக்க முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிற மரமும் லேசில் இற்றுப் போகாது. அங்கே காற்று கிடைக்காதே! வெனிஸ் நகரத்தின் பழைய மாளிகைகள் சேற்றுக்குள் அடித்த மரக் கம்பங்களின் மேல் நூற்றாண்டுகளாக நிற்கின்றன. நம் பெரியவர்கள் கிணற்றின் அடியில் நெல்லிக் கட்டை போட்டதும் தண்ணீருக்குள் மரம் நிலைத்து நிற்கும் என்பது தெரிந்துதான். எப்போதும் காய்ந்திருந்தால் தப்பு. எப்போதும் மூழ்கியிருந்தாலும் தப்பு. தப்பு என்றால் தவறு இல்லை, தப்பித்துக்கொள்ளும் என்று அர்த்தம்! இரண்டுங்கெட்டானாக, நனைந்தும் காயாமலும் கிடக்கிற மரம்தான் போய்ச் சேரும்.

கட்டுமரக்காரர்களுக்கு இது அத்துப்படி. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களை மணலில் காயப் போடுவார்கள். மரம் நனையலாம், ஆனால் காய வேண்டும். டெக் பராமரிப்பின் மொத்த ரகசியமும் இந்த ஒரு வரியில் அடக்கம்.

‘மருந்து ஏற்றின மரம் சார்!’

அமெரிக்க டெக்குகளில் பெரும்பாலானவை பைன் மரம். சவுக்கு விலையில் கிடைக்கிற சமாசாரம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். நம்ம தேக்கு மாதிரி அதற்கு இயற்கையான காப்பு கிடையாது. அதனால் பெரிய இரும்பு உருளைக்குள் பலகைகளை அடுக்கி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, தாமிரம் கலந்த மருந்தை அழுத்தம் கொடுத்து ஏற்றுகிறார்கள். புதுப் பலகை லேசான பச்சையாக இருப்பது அந்தத் தாமிரத்தால்தான்.

“மருந்து ஏற்றின மரத்துக்கு வேறென்ன வேணும்? அது பாட்டுக்குக் கிடக்கும்” என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய. இங்கேதான் கோளாறு. மருந்து தடுப்பது காளானையும் கரையானையும்தான். வெயிலை அது தடுக்காது. தண்ணீர் உள்ளே போவதையும் தடுக்காது. அம்மைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டவன் மழையில் நனைந்தால் ஜலதோஷம் பிடிக்காதா என்ன?

இன்னொரு முக்கியமான சேதி. 2003 கடைசி வரை வீட்டு உபயோகத்துக்கு விற்ற மருந்து மரங்களில் தாமிரம், குரோமியத்தோடு ஆர்சனிக்கும் இருந்தது. ஆர்சனிக் என்றால் சாட்சாத் பாஷாணம்! அதன் பிறகுதான் வீடுகளுக்கு அந்த ரகத்தை நிறுத்தினார்கள். ஆகவே பிள்ளை வாங்கியது பழைய வீடாக இருந்து, டெக்கும் 2004-க்கு முந்தியதாக இருந்தால் கவனம் தேவை. உப்புத் தாள் போட்டுத் தேய்த்து அந்தத் தூசியைச் சுவாசிக்கக் கூடாது. அந்தப் பலகை மேல் நேரடியாகத் தின்பண்டம் எதையும் வைக்கக் கூடாது. வடாம் பிழிகிற அம்மாக்கள் தயவு செய்து கவனிக்கவும்! எல்லாவற்றையும் விட முக்கியம், கழற்றிப்போட்ட பலகைகளைக் கொளுத்தவே கூடாது. பாஷாணம் எரிந்து போகாது. புகையிலும் சாம்பலிலும் வந்து உட்காரும். “பழைய டெக் பலகை இருக்கே, இந்த வருஷம் போகி கொண்டாடிடலாம்” என்று எந்தத் தாத்தாவாவது கிளம்பினால், குண்டுக்கட்டாகத் தூக்கி உள்ளே உட்கார வையுங்கள்.

வசதிக்காரர்கள் சீடார், ரெட்வுட் என்று போவார்கள். இவற்றில் வைரம் பாய்ந்த நடுப் பகுதிக்குத்தான் இயற்கையாகவே அழுகலைத் தாங்கும் சக்தி. ஓரத்து வெள்ளைப் பகுதிக்குக் கிடையாது. நம்ம தேக்குக்கும் இதே கணக்குதான். ‘தேக்கு’ என்று காசு கொடுத்தால் போதாது, வைரமா வெள்ளையா என்று பார்த்து வாங்கணும்.

குளிப்பாட்டும் படலம்

சரி, களத்தில் இறங்குவோம். முதல் வேலை, பெருக்குவது. மேலே தெரிகிற குப்பையை மட்டும் இல்லை. பலகைக்கும் பலகைக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி விட்டிருப்பார்கள். தண்ணீர் வடிவதற்கும் காற்று போவதற்கும்தான் அது. இலையும் சருகும் அதை அடைத்துக்கொண்டால், ஈரத்துணியைப் போர்த்தி வைத்த மாதிரி பலகை ஓரம் ஊறிக்கொண்டே இருக்கும். மழுங்கின கத்தியோ மெல்லிய பட்டியோ கொண்டு நோண்டி எடுக்கணும். இடுப்பு வலிக்கும். அதற்குத்தான் மாப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

அடுத்தது கழுவல். எல்லாரும் செய்கிற காரியம், துணிக்குப் போடுகிற குளோரின் பிளீச்சை வாளி நிறையக் கரைத்து ஊற்றுவது. பாசி போகும், கூடவே மரத்தின் இயற்கை நிறமும் போகும். நார் சிலிர்த்துக்கொண்டு பஞ்சு பஞ்சாக நிற்கும். ஆணி துருப்பிடிக்கும். ஓரத்தில் ஆசையாக வைத்த கறிவேப்பிலைக் கன்றும் காலி. இதில் அம்மோனியா கலந்த கிளீனரையோ ஏதாவது ஆசிட்டையோ சேர்த்துவிட்டால் நச்சு வாயு கிளம்பும். ஆளையே அடித்துவிடும். விளையாட்டில்லை.

இதற்கு நல்ல மாற்று, ‘ஆக்சிஜன் பிளீச்’ என்று விற்கும் தூள். சோடியம் பெர்கார்பனேட் என்பது அதன் ரசாயனப் பெயர். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்தால் நுரைத்துக்கொண்டு வரும். டெக்கை முதலில் வெறும் தண்ணீரால் நனைத்துவிட்டு, இந்தக் கரைசலைத் தாராளமாக ஊற்றி, கால் மணி நேரம் ஊற விட வேண்டும். நடுவில் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளணும். பிறகு நைலான் பிரஷ்ஷால், மரத்தின் ரேகை ஓடுகிற திசையிலேயே தேய்த்துக் கழுவினால் சாம்பல் நிறம் சோப்புத் தண்ணீர் மாதிரி ஓடும். அடியிலிருந்து பழைய மரம் எட்டிப் பார்க்கும்.

இரும்புக் கம்பி பிரஷ் மட்டும் கூடவே கூடாது. அதிலிருந்து உடையும் இரும்புத் துணுக்குகள் மரத்தில் தங்கி, மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து கன்னங்கரேல் என்று கறை பிடிக்கும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்புச் சாயம் என்பது நம் ஊர்க் கலம்காரிக்காரர்களுக்குத் தெரிந்த பழைய சங்கதி. அதையே தெரியாத்தனமாக டெக்கில் செய்வானேன்? அப்படி ஏற்கெனவே கறை விழுந்திருந்தால், ‘வுட் பிரைட்னர்’ என்று விற்பதை வாங்கிப் போடலாம். பெரும்பாலும் ஆக்ஸாலிக் ஆசிட்தான் உள்ளே இருக்கும். கறையையும் எடுக்கும், முன்பு போட்ட காரத்தையும் சமன் செய்யும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பிளீச்சை நன்றாக அலசிய பிறகே இதைத் தொட வேண்டும். இரண்டையும் கலக்கக் கூடாது.

இப்போதெல்லாம் ‘பிரஷர் வாஷர்’ என்று ஒரு துப்பாக்கி கிடைக்கிறது. கையில் கிடைத்ததும் வீட்டு ஆண்களுக்கு ஒரு வீரம் வந்துவிடும்! தண்ணீரைப் பீய்ச்சும் வேகத்தில் பைன் மாதிரி மெத்தென்ற மரத்தில் பள்ளமே விழும். பேரனின் பெயரைக்கூட எழுதலாம். அழுத்தத்தைக் குறைத்து, விசிறி மாதிரி விரியும் முனையைப் போட்டு, ஓரடி தள்ளிப் பிடித்தால் பிழைத்தோம். கை பழகாதவர்களுக்கு சாதாரண ரப்பர் ஹோஸே உத்தமம்.

சாயம் பூசும் படலம்

கழுவிய கையோடு பிரஷ்ஷைத் தூக்காதீர்கள். குறைந்தது இரண்டு நாள் நல்ல வெயிலில் காயட்டும். சிலிர்த்த நாரை 60 அல்லது 80-ஆம் எண் உப்புத் தாளால் லேசாகத் தேய்க்கலாம். கண்ணாடி மாதிரி வழவழப்பாக்கினால் மரத்தின் துவாரம் மூடி, சாயம் உள்ளே இறங்காது.

மரம் தயாரா என்று பார்க்க ஒரு சுலபமான சோதனை. நாலு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள். உடனே உறிஞ்சிக்கொண்டால், தாகத்தோடு இருக்கிறது, பூசலாம். தாமரை இலைத் தண்ணீராய் உருண்டு நின்றால், காத்திருங்கள். கடையிலிருந்து வந்த புது மருந்து மரம் பெரும்பாலும் உள்ளுக்குள் ஈரமாகவே இருக்கும். அதற்கு இந்தச் சோதனை ரொம்ப அவசியம்.

எதைப் பூசுவது? கடையில் போனால் தலை சுற்றும். மூன்று ரகம் என்று ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். ஒன்று, நிறமே இல்லாதது. மரம் அப்படியே தெரியும், ஆனால் வெயிலை அதிகம் தடுக்காது. வெயிலைத் தடுப்பதே நிறப்பொடிதான்! இரண்டாவது, பாதி நிறம். மரத்தின் ரேகையும் தெரியும், ஓரளவு காப்பும் உண்டு. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பூச வேண்டியிருக்கும். மூன்றாவது, முழு நிறம். கிட்டத்தட்ட பெயிண்ட் மாதிரி. காப்பு அதிகம். ஆனால் மேலே படலமாக உட்காருவதால், கால் படுகிற தரையில் நாளடைவில் உரியும். உரிந்த படலத்தைச் சுரண்டி எடுப்பது என்பது பூர்வஜன்ம பாவத்துக்கான தண்டனை! நடக்கிற தரைக்கு மரத்துக்குள் இறங்குகிற பாதி நிறமே சௌகரியம்.

“எதுக்குடா இவ்வளவு செலவு? நாலு ஸ்பூன் நல்லெண்ணெய் தடவினா போறாதா?” என்று பாட்டி கேட்பாள். கேள்வியில் நியாயம் இருக்கிறது; ஆனால் எண்ணெயில் வித்தியாசம் இருக்கிறது. ஆளி விதை எண்ணெய் மாதிரி சில எண்ணெய்கள் காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து இறுகிக் காயும். தேங்காயெண்ணெய் காயவே காயாது. நல்லெண்ணெயும் சரியாகக் காய்ந்து இறுகாமல் பிசுபிசுக்கும். தூசி ஒட்டும், பூஞ்சைக்கு விருந்தாகும். வழுக்கி விழுந்தால் அது வேறு செலவு.

பூசும்போது கவனிக்க வேண்டியவை:

வெயில் நேராக அடிக்கும்போது பூசக் கூடாது. உள்ளே இறங்குவதற்குள் மேலேயே காய்ந்துவிடும். சுமார் 10 முதல் 32 டிகிரி செல்ஷியஸ் வரை தோது. அடுத்த ஒன்றிரண்டு நாள் மழை இருக்கக் கூடாது. டின்னின் அடியில் நிறப்பொடி தங்கியிருக்கும். அடிவரை கோல் விட்டுக் கலக்கிக்கொண்டே இருக்கணும். இரண்டு மூன்று பலகைகளை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே மூச்சில் முடிக்கணும். பாதியில் போன் பேசப் போனால், அந்த இடம் காய்ந்து ‘இங்கேதான் போன் வந்தது’ என்று கோடு போட்டுக் காட்டும்! பலகையின் வெட்டு முனைகள் ஸ்ட்ரா மாதிரி தண்ணீரை உறிஞ்சும். அங்கே இரண்டு தரம் கொடுங்கள். மரம் குடிக்காமல் மேலே நிற்கும் மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட வேண்டும். ‘கெட்டியாகப் பூசினால் அதிக நாள் உழைக்கும்’ என்பது இட்லி மாவுக்கும் பொருந்தாது, இதற்கும் பொருந்தாது.

முக்கியமாக ஒன்று. கதவுப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள். கதவை நோக்கி வந்து முடியுங்கள். இல்லாவிட்டால் ராத்திரி பூராவும் மூலையில் நிற்க வேண்டியதுதான்.

துடைத்த துணி தானாக எரியும்!

இதுவரை சிரித்தது போதும். மேலே சொன்னேனே, எண்ணெய் ஆக்சிஜனைப் பிடித்துக் காயும் என்று? அப்படிக் காயும்போது சூடு உண்டாகும். பலகையில் பூசினால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். ஆனால் எண்ணெய்ச் சாயம் துடைத்த துணிகளைப் பந்தாகச் சுருட்டி மூலையில் போட்டால், உள்ளே சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், சில மணி நேரத்தில் தானாகவே பற்றிக்கொள்ளும். தீக்குச்சி வேண்டாம், பொறி வேண்டாம்.

கதை இல்லை. 1991 பிப்ரவரி 23-ஆம் தேதி பிலடெல்ஃபியா நகரத்தில், ‘ஒன் மெரிடியன் பிளாஸா’ என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22-வது மாடியில் தீப்பிடித்தது. மரச் சுவர்ப் பலகைகளுக்கு மெருகு போட்ட வேலையாட்கள் விட்டுப்போன, ஆளி விதை எண்ணெய் ஊறிய துணிகள்தான் காரணம். 18 மணி நேரத்துக்கு மேல் எரிந்தது. மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள். 30-வது மாடியில் தானாகத் தண்ணீர் பீய்ச்சும் குழாய்கள் இருந்ததால்தான் தீ அதற்கு மேலே ஏறாமல் நின்றது. அந்தக் கட்டடத்தைக் கடைசியில் இடித்தே விட்டார்கள்.

ஆகவே, வேலை முடிந்ததும் துணிகளை வெளியில் ஒவ்வொன்றாக விரித்து, நன்றாக விறைக்கும் வரை காயப் போடுங்கள். அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டின்னில் மூழ்க வைத்து மூடுங்கள். குப்பைக் கூடையில் திணிக்காதீர்கள். கார் ஷெட்டில் குவிக்காதீர்கள். நம்ம ஊரில் கதவுக்கு வார்னிஷும் ஆளி எண்ணெயும் அடிக்கும் ஆசாரிகளிடமும் இதை ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

காலுக்கு அடியில் என்ன நடக்குது?

மேலே தேன் கலரில் பளபளக்கிற டெக், கீழே இற்றுப் போயிருக்கலாம். ஆபத்து எப்போதும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான்.

2003 ஜூன் 29-ஆம் தேதி, சிகாகோவில் ஒரு குடியிருப்பின் பின்பக்க மரத் தளங்கள் விருந்து நடந்துகொண்டிருந்தபோது சரிந்தன. 13 பேர் இறந்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் காயம். கட்டிய விதமும் சரியில்லை. ஏறியிருந்த கூட்டமும் அதிகம்.

2015 ஜூன் 16-ஆம் தேதி, கலிபோர்னியாவின் பெர்க்லி நகரத்தில் ஒரு பிறந்த நாள் விருந்து. மாடி பால்கனி ஒன்று அப்படியே மடிந்து விழுந்தது. ஆறு இளைஞர்கள் இறந்தார்கள். ஏழு பேர் படுகாயம். பெரும்பாலும் விடுமுறைக்கு அயர்லாந்திலிருந்து வந்த மாணவர்கள். கட்டடத்துக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. உள்ளே இருந்த மரச் சட்டங்கள் ஈரம் தங்கி இற்றுப் போயிருந்தன. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. இதன் பிறகுதான் கலிபோர்னியாவில் 2018-ல் சட்டம் வந்தது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட வாடகைக் குடியிருப்புகளில், மரம் தாங்குகிற பால்கனிகளையும் டெக்குகளையும் ஆறு வருஷத்துக்கு ஒருமுறை நிபுணரைக் கொண்டு பரிசோதிக்க வேண்டும்.

தனி வீட்டுக்காரர்கள் என்ன செய்வது? ஒரு ஸ்க்ரூ டிரைவர் போதும். டெக்கை வீட்டுச் சுவரோடு இணைக்கும் நீளப் பலகை ஒன்று இருக்கும். டெக்கின் உயிர் அதில்தான். அது வெறும் ஆணியில் தொங்குகிறதா, கனமான போல்ட்டில் நிற்கிறதா என்று கீழே குனிந்து பாருங்கள். ஆணி நாளடைவில் பிடுங்கிக்கொண்டு வரும். டெக்குகள் சரிவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று இதுதான். அந்தப் பலகைக்கு மேலே தண்ணீர் இறங்காமல் தகடு மடித்து வைத்திருக்கிறார்களா? பார்க்கணும். பிறகு அந்தப் பலகையிலும், தூண்கள் தரையைத் தொடும் இடத்திலும், படிக்கட்டின் அடியிலும் ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்த்து நிற்கும். இற்ற மரம் ஊறின ரஸ்க் மாதிரி உள்ளே வாங்கும். வாங்கினால், உடனே ஆளைக் கூப்பிடுங்கள். அதுவரை விருந்து கிருந்து எல்லாம் ஹாலுக்குள்ளேயே!

பி.டபிள்யூ.டி.யில் ரிடையரான அப்பாக்கள் இந்த வேலைக்குப் பிறந்தவர்கள். “என்ன மாமா, வந்த அன்னிக்கே குத்திப் பார்க்கறீங்க?” என்று மாப்பிள்ளை நெளிந்தாலும், “மாப்பிள்ளை, நீங்க பாட்டுக்கு ஆபீஸ் போங்க, நான் பார்த்துக்கறேன்” என்று தைரியமாகக் குத்தலாம்.

திருகாணி மாற்றும்போது ஒரு விஷயம். 2004-க்குப் பிறகு வந்த மருந்துகளில் தாமிரம் அதிகம். சாதா இரும்பை அது அரித்துவிடும். நல்ல கனமாகத் துத்தநாகப் பூச்சு கொடுத்ததோ, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலோதான் போட வேண்டும்.

துளசித் தொட்டியும் வாசற்கதவும்

தமிழ் வீட்டு டெக் என்றால் துளசித் தொட்டி இல்லாமலா? தாராளமாக வையுங்கள். ஆனால் தொட்டியை நேராகப் பலகையில் வைத்தால், அடியில் ஈரம் வட்டமாகத் தங்கி அந்த இடம் முதலில் இறக்கும். மூன்று சின்னக் கட்டை கொடுத்துத் தூக்கி வையுங்கள். அவ்வப்போது இடம் மாற்றுங்கள். கார்த்திகை அகலுக்கு அடியில் தட்டு வையுங்கள். எண்ணெய்க் கறை போகாது, நெருப்புக்கும் பயம் வேண்டாம். பனி பெய்தால் இரும்பு மண்வெட்டி வேண்டாம். பிளாஸ்டிக் மண்வெட்டியால் பலகை போகிற திசையிலேயே தள்ளுங்கள்.

இனி, டெக் இல்லாத நமக்கு. மழைக்காலம் வந்ததும் வாசற்கதவு உப்பிக்கொண்டு, தோள் கொடுத்து இடித்தால்தான் திறக்கிறதா? ஆசாரியைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்வீர்கள். வெயில் காலத்தில் அதே கதவு சுருங்கி, இடுக்கு வழியாகப் பல்லி வரும். காரணம் கதவில் இல்லை, பூச்சில்! முன்பக்கமும் பின்பக்கமும் பளபளவென்று வார்னிஷ் அடித்திருப்பார்கள். அடி விளிம்பையும் மேல் விளிம்பையும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். கண்ணுக்குத் தெரியாத இடமாச்சே! ஆனால் மரத்தின் வெட்டு முனைகள் அங்கேதான் இருக்கின்றன. வாசல் தெளிக்கிற தண்ணீர் தினமும் அந்த வழியாகத்தான் ஏறுகிறது.

எனவே ஆசாரி அடுத்த முறை வரும்போது, கதவைக் கழற்றிய கையோடு அந்த இரண்டு விளிம்புக்கும் இரண்டு கோட்டிங் கொடுக்கச் சொல்லுங்கள். நன்றாகக் காய்ந்த கோடையில் இழைத்து, அதன் பிறகு பூசினால் ரொம்ப விசேஷம். மழையில் உப்பின கதவை அப்போதே இழைத்தால், கோடையில் பல்லிக்கு ராஜபாட்டை போட்டுக் கொடுத்த மாதிரிதான்.

டெக் பஞ்சாங்கம்

வசந்த காலம்: பெருக்கி, இடுக்கு நோண்டி, ஸ்க்ரூ டிரைவரோடு கீழே ஒரு சுற்று. ஆடும் கைப்பிடி, துருத்தும் ஆணி சரி செய்ய.

கோடை ஆரம்பம்: கழுவல். இரண்டு நாள் காய்ச்சல் (மரத்துக்கு!). தண்ணீர்ச் சொட்டு சோதனை. தேவைப்பட்டால் மட்டும் சாயம்.

இலையுதிர் காலம்: விழுகிற இலையை விழ விழப் பெருக்கவும். ஈர இலைக் குவியல் ஒரு மாசம் கிடந்தால் அந்த வருஷத்துக் கழுவல் வீண்.

பனிக்காலம்: டெக்குக்கு ஓய்வு. உங்களுக்கும்தான்.

எல்லாப் பருவத்துக்கும்: விருந்து நாளில் தலைகளை எண்ணுங்கள். குரூப் போட்டோவுக்காக முப்பது பேர் ஒரே ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். போட்டோ புல்வெளியில் எடுத்தாலும் நன்றாகத்தான் விழும். ஆட்கள் விழாமல் இருப்பது முக்கியம்!